மாட்டுங்கா கடை போர்டுக்குத் தடித்த செரிஃப் எழுத்து: தமிழ், மராத்தி, ஆங்கிலம் மூன்றும் ஒத்துப்போக என்ன வழி?

மாட்டுங்காக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். மும்பை மாட்டுங்காவில் என் மாமனார் நடத்தும் காபிப்பொடிக் கடைக்குப் புது போர்டு போடப் போகிறோம். வீட்டில் கிராஃபிக் வேலை தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் வடிவமைப்பு என்னிடம் வந்திருக்கிறது, இதை நன்றாகச் செய்ய வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

போர்டு 12 அடிக்கு 3 அடி. மூன்று மொழி. மராத்தி முதலில் வர வேண்டும், அதன் எழுத்து மற்ற மொழி எழுத்துகளைவிடச் சின்னதாக இருக்கக் கூடாது. 2022-இல் மகாராஷ்டிராவின் கடைகள் சட்டத்தைத் திருத்திய பிறகு பத்துப் பேருக்கும் குறைவாக வேலை செய்கிற சின்னக் கடைகளுக்கும் இது கட்டாயம். அதில் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை, மராத்தி எழுத்தும் அழகாக அமைய வேண்டும் என்பதுதான் என் எண்ணம். ஆங்கிலம் வேண்டும். தமிழ் இல்லாமல் போர்டே இல்லை என்று மாமனார் சொல்லிவிட்டார்.

அவர் கேட்பது பழைய பாணி எழுத்து. பருத்த கோடும் மயிரிழைக் கோடும் மாறி மாறி வந்து, முனையில் செரிஃப் என்கிற சின்னக் குறுக்குக்கோடு இருந்து, தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தாலே நாள்பட்ட கடை என்று தெரிய வேண்டும். ஆங்கிலத்துக்கு அப்ரில் ஃபேட்ஃபேஸ் என்ற எழுத்துரு வைத்துக் காட்டினேன், அந்த நிமிடமே பிடித்துவிட்டது. மராத்திக்கு ரோழா ஒன் வைத்தேன், அதுவும் அதே தடிமன், அதே மெலிவு, இரண்டும் அருகருகே நன்றாக உட்கார்ந்தன. தமிழில்தான் மாட்டிக்கொண்டேன். எங்கள் கடைப் பெயரில் "ண்ணா" வருகிறது, "லை" வருகிறது. நோட்டோ செரிஃப் தமிழ் பிளாக் வைத்தால் மற்ற இரண்டுக்கும் பக்கத்தில் அடக்கமாகத் தெரிகிறது. அரிமா அழகுதான், ஆனால் அதன் மிகத் தடித்த வடிவமும் இந்த இடத்துக்கு மெலிவு. பலூ தம்பி போதுமான தடிமன், ஆனால் மிட்டாய்க் கடைக்குப் பொருந்துகிற உருண்டை முகம், மாமனார் வேண்டவே வேண்டாம் என்கிறார். காயினியும் அப்படித்தான்.

அப்ரில் மாதிரி தடிப்பும் மெலிவும் எதிரெதிராக நிற்கிற தமிழ் எழுத்துரு ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால் இருக்கிற ஒன்றை நானே கோடு கோடாகத் திருத்தலாமா? இன்னொன்று, வெட்டி ஒட்டுகிற எழுத்தாக, உள்ளே விளக்கு வைத்துச் செய்யலாம் என்ற பேச்சும் இருக்கிறது. அதற்கு இந்த மாதிரி எழுத்து தாங்குமா?

தாராவி டிடிபி:

சகோதரி, நான் போர்டு வேலை செய்கிறவன், அதனால் உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதற்குப் பதில் தெரிந்தால் மற்றது பாதி தானே முடிந்துவிடும்.

விளக்கு எழுத்து என்றால் அப்ரில் மாதிரி எழுத்தை மறந்துவிடுங்கள். எழுத்துக்குள் எல்இடி வில்லை உட்கார வேண்டும், அதைச் சுற்றிப் பக்கச் சுவர் வளைந்து வர வேண்டும். பருத்த தூணில் எத்தனை வில்லை வேண்டுமானாலும் வைக்கலாம். மயிரிழையில் எங்கே வைப்பது? தூண் மட்டும் எரியும், இழை இருட்டாக இருக்கும், ராத்திரியில் "எச்" என்ற ஆங்கில எழுத்து இரண்டு தனிக் கட்டையாகத் தெரியும். விளக்கில்லாமல் அக்ரிலிக்கை லேசரில் வெட்டி ஏசிபி ஷீட்டில், அதாவது அலுமினியத் தகடு ஒட்டிய பலகையில், ஒட்டுவதென்றாலும் ஒன்பது அங்குல உயர எழுத்தில் அந்த இழை சில மில்லிமீட்டர்தான் வரும். வெட்டும்போது நிற்கும், பிசின் தடவி அழுத்தும்போது முறியும், அப்படியே ஒட்டிவிட்டாலும் மும்பை மழை நாலு மாதம் அடித்த பிறகு முனை எழும்பும். வினைல் வெட்டி ஒட்டினாலும் மெல்லிய இடம்தான் முதலில் உரியும்.

ஆகவே முதலில் பொருளை முடிவு செய்யுங்கள். பெயின்ட் அடித்த தகரம், அல்லது ஏசிபியில் அச்சு, என்றால் இழை எழுத்து ஓடும். வெட்டுகிற எழுத்து என்றால் மெல்லிய கோடும் குறைந்தது பருத்த கோட்டில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கட்டும், நான் அதற்குக் கீழே போக மாட்டேன்.

உயரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தொழிலில் 10 அடி தூரத்துக்கு 1 அங்குல எழுத்து என்று ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். அது ஆங்கிலத்தைப் பார்த்துப் போட்ட கணக்கு. தமிழுக்கு நான் எப்போதும் கூட்டித்தான் வைப்பேன், அதுவும் ண, ஞ, ஐ மாதிரி உள்ளே நிறையச் சுழி இருக்கிற எழுத்து வந்தால் ஒன்றரை மடங்கு. உங்கள் தெரு 40 அடி என்று வைத்துக்கொண்டால் தமிழ் 6 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. 36 அங்குலப் பலகையில் மேலும் கீழும் மூன்று மூன்று விட்டால் 30 மிச்சம், மராத்தியை மேலே முழு அகலத்துக்குக் கொடுத்து, கீழே தமிழையும் ஆங்கிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எல்லாவற்றுக்கும் மூச்சு விட இடம் இருக்கும். மூன்று வரியாக அடுக்கினால் எல்லாமே நசுங்கும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். தமிழ் மெலிவாகத் தெரிகிறது என்று கோரல் டிரா மென்பொருளில் எழுத்தைச் சுற்றி அவுட்லைன் கோடு ஏற்றித் தடிப்பாக்காதீர்கள், யார் செய்து தருகிறேன் என்றாலும் விடாதீர்கள். கோடு வெளியே வளர்கிற அளவுக்கு உள்ளேயும் வளரும், ண-வின் சுழி அடைத்துப்போய் மைப்பொட்டாக நிற்கும். எங்கள் பகுதியில் பாதி போர்டு இப்படித்தான் இருக்கிறது, ண எது ன எது என்று கண்டுபிடிக்க முடியாது. பெயரில் எழுத்துப் பிழை என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள்.

ண்-இன் மேல் வருகிற புள்ளியையும் கவனியுங்கள். வெட்டுகிற எழுத்தில் அது தனித் துண்டு, ஒட்டுவதற்குப் பரப்பு குறைவு, எந்த போர்டிலும் முதலில் விழுவது அதுதான். புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக வைத்துப் பின்னால் இரண்டு முளை கொடுக்கச் சொல்லுங்கள்.

சுழியும் புள்ளியும்:

மேலே அண்ணன் சொன்னது முழுவதும் சரி. நான் பவாய்ப் பக்கம் இருக்கிறேன், எழுத்துரு வரைவதில் ஈடுபாடு, உங்கள் முதல் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன்: அப்ரில் மாதிரி தமிழில் ஏன் கிடைக்கவில்லை.

அப்ரில் ஃபேட்ஃபேஸை டைப்டுகெதர் 2011-இல் வெளியிட்டது, ஆனால் அதன் வம்சம் பழையது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பார்மாவில் போடோனியும் பாரிஸில் டிடோ குடும்பமும் நெட்டுக்கோட்டைத் தடிப்பாகவும் கிடைக்கோட்டை இழையாகவும் வெட்டினார்கள். புத்தகத்துக்கான எழுத்து அது. 19-ஆம் நூற்றாண்டு தொடங்கியதும் லண்டனில் விளம்பரத் தாள்களுக்காக அதே எழுத்தை ஊத வைத்தார்கள், ராபர்ட் தோர்ன் என்ற எழுத்து வார்ப்பவரின் பெயரைத்தான் இதில் முதலில் சொல்வார்கள். ஊத வைத்தது நெட்டுக்கோட்டை மட்டும். இழையை அப்படியே விட்டார்கள். அந்தத் தடிப்பு மெலிவு வித்தியாசம்தான் அதன் கவர்ச்சி, லத்தீன் எழுத்து அதைத் தாங்குவதற்குக் காரணம் அங்கே உடம்பு முழுவதும் நெட்டுக்கோட்டில் நிற்கிறது, கிடைக்கோடு வெறும் இணைப்பு.

இதை ட-வுக்குச் செய்து பாருங்கள். ஒரு நெட்டுக்கோடு, கீழே ஒரு கிடைக்கோடு, அவ்வளவுதான் எழுத்து. நெட்டுக்கோட்டைத் தடிப்பாக்கிக் கிடைக்கோட்டை இழையாக்கினால் ட பாதி காணாமல் போய்விடும். ப-வும் அப்படித்தான், இரண்டு தூண் நிற்கும், அடித்தளம் இருக்காது. ம, ய, வ எல்லாவற்றிலும் கீழ்க்கோடு எழுத்தின் உயிர். நேர் எதிரே ண இருக்கிறது. மூன்று சுழி, ஒவ்வொன்றையும் ஒட்டி இறங்குகிற கோடுகள், அவை எல்லாவற்றையும் அப்ரில் அளவுக்குப் பருக்க வைத்தால் உள்ளே வெள்ளையே மிஞ்சாது. ஒரே விதியை ட-வுக்கும் ண-வுக்கும் வைக்க முடியாது என்பதுதான் தமிழில் தடித்த எழுத்து வரைவதன் சிரமமே. நன்றாக வரைந்த எழுத்துருவைப் பெரிதாக்கிப் பாருங்கள், ண-வின் கோடு ட-வின் கோட்டைவிட மெலிவாக இருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒரே கறுப்பாகத் தெரிவதற்காக வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். அவுட்லைன் ஏற்றித் தடிப்பாக்குவது இந்தக் கணக்கைத்தான் கெடுக்கிறது.

அதனால் என் கருத்து, தமிழை அப்ரிலின் பக்கம் இழுக்காதீர்கள், ஆங்கிலத்தைத் தமிழின் பக்கம் கொண்டு வாருங்கள். தடித்த செரிஃப் என்றால் போடோனி வழி மட்டும் இல்லையே. கூப்பர் பிளாக் என்று ஒன்று, 1922-இல் சிகாகோவில் ஆஸ்வால்ட் கூப்பர் வரைந்தது, ஈஸிஜெட் விமானத்தின் மேல் பார்த்திருப்பீர்கள். தடிப்புக்கும் மெலிவுக்கும் வித்தியாசம் குறைவு, செரிஃபின் முனைகள் மழுங்கி உருண்டிருக்கும், எழுத்துக்குள் இருக்கிற வெள்ளை இடம் சின்னது. தமிழ் வளைவுகளுக்குப் பக்கத்தில் இது வைத்தால் ஒரே கையால் எழுதியது போல இருக்கும். இலவசமாக வேண்டுமென்றால் ஃபிரான்சஸ் எடுங்கள், கூப்பர், வின்ட்ஸர் வகை எழுத்துகளைப் பார்த்து வரைந்தது. அது மாறும் எழுத்துரு, எடையை, அதாவது கோட்டின் தடிமனை, 900 வரை ஏற்றலாம், அதோடு முனைகளை மழுக்குவதற்கென்றே ஒரு ஸ்லைடர் தனியாக இருக்கிறது, அதை முழுவதும் தள்ளிவிட்டுப் பாருங்கள். காப்ரசிமோவும் அதே குடும்பத்திலிருந்து வந்ததுதான், நேராகத் தடித்த ஒரே வடிவமாகக் கிடைக்கும்.

மராத்திக்கு எனக்கு மிகப் பிடித்த யோசனை யாத்ரா ஒன். மும்பை லோக்கல் ரயில் நிலையங்களில் கையால் எழுதிய பலகைகளைப் பார்த்து வரைந்தது அது. உங்கள் கடை இருப்பது மாட்டுங்காவில், இந்த ஊர் எழுத்து இந்த ஊர்க் கடையில் ஏறட்டும். தேவநாகரியைப் பட்டையாக வெட்டிய பேனாவைச் சாய்த்துப் பிடித்து எழுதுவார்கள், அந்தச் சாய்வில்தான் தடிப்பு விழும், யாத்ராவில் அது நன்றாகத் தெரியும். ஆங்கிலமும் அதிலேயே இருக்கிறது, அதுவும் அதே சாய்வை வாங்கிக்கொண்டு நிற்கும், ஆனால் உங்களுக்கு ஃபிரான்சஸ் நெருக்கமாக இருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டையும் வைத்துப் பாருங்கள்.

தமிழுக்கு நோட்டோ செரிஃப் தமிழையே வைத்துக்கொள்ளுங்கள், அடக்கமாகத் தெரிந்ததற்குக் காரணம் அதன் அண்டை வீட்டுக்காரர் அப்ரில். அதிலும் 900 வேண்டாம். 800-லிருந்து ஆரம்பித்து ஏற்றி இறக்கி, மூன்று பெயரையும் பக்கத்தில் வைத்துப் படத்தை நன்றாக மங்கலாக்குங்கள், எழுத்து அடையாளம் தெரியாமல் வெறும் சாம்பல் பட்டையாகும் வரை. மூன்று பட்டையும் ஒரே சாம்பலாக இருக்க வேண்டும். தமிழ்ப் பட்டை கறுப்பாகத் தெரிந்தால் எடையைக் குறையுங்கள், ண்ணா இருக்கிற பெயர் என்பதால் பெரும்பாலும் குறைக்க வேண்டித்தான் வரும்.

நீங்களே கோடு கோடாகத் திருத்தலாமா என்று கேட்டீர்கள். தாராளமாக. கூப்பர் பிளாக் தவிர இவை எல்லாம் ஓப்பன் ஃபான்ட் உரிமத்தில் வருபவை, கடை போர்டுக்குப் பயன்படுத்தவும் திருத்தவும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. எழுத்தைக் கர்வாக, அதாவது இழுத்துத் திருத்தக்கூடிய கோட்டு வடிவமாக, மாற்றிய பிறகு ண-வின் சுழிகளைக் கொஞ்சம் திறந்து விடுங்கள், ண்ணா-வின் துணைக்காலை அடுத்த எழுத்திலிருந்து தள்ளி வையுங்கள். ஒரே ஒரு பெயருக்காக என்பதால் இது ஒரு மாலை வேலைதான்.

மாட்டுங்காக்காரி:

இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. ட-வையும் ண-வையும் வைத்துச் சொன்னதைப் படித்ததும் எனக்கு எங்கே இடித்தது என்று புரிந்துவிட்டது.

சொன்னபடியே செய்து பார்த்தேன். ஃபிரான்சஸ் 900, மழுக்கம் முழுவதும். யாத்ரா ஒன். நோட்டோ செரிஃப் தமிழ், மங்கலாக்கிப் பார்த்து 760-க்கு இறக்கினேன். மூன்றும் ஒத்துப்போகின்றன. அச்செடுத்து மாமனாரிடம் காட்டினேன், அப்ரிலை விடுவதற்கு முதலில் தயங்கினார், பிறகு தாளைக் கூடத்தின் மறுகோடியில் ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்ததும் தமிழ் இப்போதுதான் தெளிவாகத் தெரிகிறது என்று அவராகவே சொன்னார். விளக்கு எழுத்து வேண்டாம், வெட்டிய அக்ரிலிக், மேலேயிருந்து வெளிச்சம், அது முடிவாகிவிட்டது.

இப்போது அவர் புதிதாக ஒன்று கேட்கிறார். கடையின் பழைய போர்டு ஒரு புகைப்படத்தில் இருக்கிறது, கையால் எழுதியது, அதில் லை பழைய வடிவத்தில், ல-வோடு சேர்ந்து யானைத் துதிக்கை மாதிரி வளைகிற கோட்டோடு இருக்கிறது. அதையே இந்தப் புது போர்டிலும் வைக்கலாம், அதுதான் இந்தக் கடையின் எழுத்து என்கிறார். பார்க்க மிக அழகாக இருக்கிறது, மறுக்க எனக்கு மனமில்லை. யூனிகோடில் தட்டினால் புது வடிவம்தான் வரும், அதனால் நான் வரைய வேண்டும். செய்யலாமா?

செம்பூர்வாசி:

அம்மா, அவசியம் செய்யுங்கள். உங்கள் மாமனார் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

பழைய வடிவம் என்பது தப்பான வடிவம் அல்ல. 1978-இல் தமிழ்நாடு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை போடும்வரை ணை, லை, ளை, னை நான்கும் பெரும்பாலும் துதிக்கையோடுதான் அச்சேறின. தட்டச்சுக்கும் அச்சுக்கோப்புக்கும் வசதி என்று மாற்றினார்கள், அது நல்லதுதான், குழந்தைகளுக்குச் சுமை குறைந்தது. ஆனால் கடை போர்டு பாடப் புத்தகம் இல்லை. அலங்காரத்துக்கென்றே எழுதுகிற இடம். உங்களுக்குத் தடிப்பும் மெலிவும் எதிரெதிராக வர வேண்டும் என்று ஆசை, ஆங்கில எழுத்தின் வழியில் போனால் தமிழ் தாங்கவில்லை என்று மேலே தம்பி அழகாகச் சொல்லியிருக்கிறார். துதிக்கை அந்த ஆசையைத் தமிழின் வழியிலேயே நிறைவேற்றுகிறது. மெலிவாகக் கிளம்பி, வளைவில் பருத்து, எழுத்தோடு சேரும் இடத்தில் மறுபடி மெலிகிற கோடு அது, தூரிகை பிடித்தவன் கை தானாகவே அப்படித்தான் போகும். புது ஐகாரத்தில் இரண்டு சுழி முன்னால் தனியாக நிற்கிறது, தடித்த எழுத்தில் அது ஒரு கறுப்பு மூட்டை. பழைய லை இடத்தையும் மிச்சம் பிடிக்கும்.

கம்ப்யூட்டரில் வரையாதீர்கள் என்பதுதான் என் யோசனை. கட்டத் தாளில், பட்டைத் தூரிகையால், போர்டில் வரப்போகிற அளவிலேயே எழுதுங்கள், அல்லது கை எழுத்து ஆர்ட்டிஸ்ட் யாராவது கிடைத்தால் எழுதச் சொல்லுங்கள், இந்த ஊரில் அப்படிப்பட்டவர்கள் குறைந்துவிட்டார்கள், ஆனால் இல்லாமல் போகவில்லை. அதைப் படம் பிடித்துக் கர்வாக மாற்றிக்கொள்ளலாம். எழுத்துருவில் கிடைக்காத ஒரு துடிப்பு அதில் வரும், எதிரே நின்று பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் அது உறைக்கும்.

அறுபதடி ரோடு:

ஐயா சொல்வதற்கு மரியாதை வைத்தே மறுக்கிறேன்.

நான் வார இறுதியில் இங்கே குழந்தைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியில் படிக்கிற பிள்ளைகளும் வருகிறார்கள், ஆங்கிலப் பள்ளியில் படித்துக்கொண்டு தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைகளும் வருகிறார்கள். இரண்டாவது வகைப் பிள்ளைகளுக்கு இந்த ஊரில் தமிழ் எழுத்து கண்ணில் படுவது எங்கே? கோயிலில், சில கடை போர்டில், அவ்வளவுதான். அவர்கள் நின்று, வாய்விட்டு, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிப்பதை நான் பார்க்கிறேன். துதிக்கை லை வந்ததும் நின்றுவிடுவார்கள். மும்பையில் ஒரு தமிழ் போர்டு வைக்கிறவர் அதைப் படிக்கக் கற்றுக்கொண்டிருப்பவரை வெளியே நிறுத்தக் கூடாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொரு விஷயம் யாரும் சொல்லவில்லை. சகோதரியின் கடைப் பெயரில் லை மட்டும் இல்லை, ணா-வும் இருக்கிறது. 1978-இல் மாறியது பதின்மூன்று எழுத்து, ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வரிசை, இந்த நான்கு ஐகாரம். பழைய முறையில் ணா-வுக்குத் துணைக்கால் கிடையாது, எழுத்தின் வாலே கீழே சுற்றி வரும். லை-யைப் பழைய வடிவத்தில் வைத்து ணா-வைப் புதிய வடிவத்தில் வைத்தால் ஒரே பெயருக்குள் இரண்டு காலம், பழைய எழுத்து தெரிந்தவர் கண்ணுக்கு அது பொருந்தாது. இரண்டையும் பழையதாக வைத்தால், லை-யையாவது ஊகித்துவிடலாம், பழைய ணா-வை இன்றைக்கு நாற்பது வயதுக்குக் கீழே இருக்கிற பெரியவர்களே வேறு எழுத்து என்று நினைப்பார்கள். மாமனாரிடம் புகைப்படத்தில் ணா எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

செம்பூர்வாசி:

ணா-வை நான் யோசிக்கவில்லை தம்பி, நீங்கள் சொல்வது சரியான கேள்வி. இரண்டும் சேர்ந்துதான் போக வேண்டும், பாதியில் நிறுத்த முடியாது. அப்படியானால் பிரதான போர்டில் புது வடிவமே இருக்கட்டும். ஆனால் பழைய எழுத்தைக் கடையிலிருந்தே எடுத்துவிட வேண்டாம் அம்மா. காபிப்பொடிப் பொட்டலத்தின் மேல், அல்லது உள்ளே கல்லாப்பெட்டிக்குப் பின்னால் சுவரில், அந்தப் புகைப்படத்தில் இருக்கிறபடியே எழுதி வையுங்கள். பக்கத்தில் வந்து நின்று பார்க்கிற இடத்தில் அது நிதானமாகப் படிக்கப்படும்.

மாட்டுங்காக்காரி:

புகைப்படத்தை எடுத்துப் பார்த்தோம். ணா-வும் பழைய வடிவம்தான். என் கணவருக்கே அது என்ன எழுத்து என்று ஒரு கணம் பிடிபடவில்லை, மாமனார் அதைக் கவனித்துவிட்டு அவராகவே போர்டில் புதிது போதும் என்று சொல்லிவிட்டார். பொட்டலத்துக்குப் பழைய எழுத்தை நான் தூரிகையில் எழுதப் போகிறேன், அது தனி வேலை, முடிந்ததும் இங்கே போடுகிறேன்.

போர்டு ஃபைலைக் கொடுப்பதற்கு முன்னால் வேறு என்ன பார்க்க வேண்டும்?

சுழியும் புள்ளியும்:

மராத்தி ல. உங்கள் பெயரில் ல வருகிறது என்பதால் சொல்கிறேன். மராத்தியில் ல-வும் ஶ-வும் எழுதுகிற முறை இந்தியில் எழுதுவதிலிருந்து வேறு. பல தேவநாகரி எழுத்துருக்களில் இரண்டு வடிவமும் உள்ளே இருக்கும், மென்பொருளில் மொழியை மராத்தி என்று குறித்தால்தான் மராத்தி வடிவம் வெளியே வரும், குறிக்காவிட்டால் இந்தி வடிவம் நிற்கும். அதில் வரவில்லையென்றால் அந்த ஓர் எழுத்தையும் நீங்களே வரைந்துவிடுங்கள். மராத்தி படிக்கிற அக்கம்பக்கத்துக் கடைக்காரர் ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள், பார்த்தவுடனே சொல்லிவிடுவார். சட்டத்துக்காக வைத்த மராத்தி என்று தெரியாமல் மராத்திக்காரர் வைத்த மராத்தி மாதிரி இருக்க வேண்டும்.

இல்லஸ்ட்ரேட்டரில் தமிழைத் தட்டினீர்கள் என்றால் தெற்காசிய மொழிகளுக்கான கம்போஸர், அதாவது எழுத்துகளைச் சரியாகக் கோக்கிற அமைப்பு, ஓடுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஐகாரக் கொம்பு ல-வுக்குப் பின்னால் போய் உட்காரும். இங்க்ஸ்கேப்பில் இந்தத் தொல்லை இல்லை.

தாராவி டிடிபி:

எல்லாவற்றையும் கர்வாக மாற்றி பிடிஎஃப் கொடுங்கள், எழுத்தாக விடாதீர்கள். வெட்டுகிற கடையில் இன்னும் பழைய முறை எழுத்துருக்கள்தான் கம்ப்யூட்டரில் இருக்கும், உங்கள் யூனிகோடு அங்கே போய்க் கட்டம் கட்டமாகத் திறக்கும், அவர்கள் உதவி செய்கிறோம் என்று வேறு எழுத்துருவில் தட்டிவிடுவார்கள். கூடவே ஒரு படமும் அனுப்பி இப்படித்தான் வர வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

வெட்டுவதற்கு முன்னால் தமிழ்ப் பெயரை மட்டுமாவது முழு அளவில் சாதாரணத் தாளில் அச்செடுத்து ஒட்டி, கடையின் ஷட்டரில் டேப் போட்டு மாட்டுங்கள். பகலில் ஒரு தடவை, விளக்கு போட்ட பிறகு ஒரு தடவை எதிர்ப்பக்கத்திலிருந்து பாருங்கள். ண-வின் மூன்று சுழியும் தனித்தனியாகத் தெரியவில்லையென்றால் 760-ஐ இன்னும் இறக்க வேண்டும், அக்ரிலிக்குக்குத் தடிமன் இருக்கிறது, பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது அந்தத் தடிமனும் சுழிக்குள் நிழல் விழுந்து கறுப்பாகத்தான் தெரியும். புள்ளியின் முளையை மறக்க வேண்டாம்.